குரோட்டன்ஸ் ஏன் பச்சையாகிறது?

நர்சரியில் சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறித்த குரோட்டன்ஸ், வீட்டுக்கு வந்து வரவேற்பறை மூலையில் நின்ற சில வாரங்களில் அடியிலைகளை உதிர்க்கிறது. அதன்பின் துளிர்ப்பதெல்லாம் வெறும் பச்சை. செடி வளர்ப்பவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் முறையீடு இது. காரணங்களும் விதவிதமாகச் சொல்லப்படுகின்றன. நர்சரிக்காரர் ஏதோ மருந்து அடித்து நிறம் ஏற்றி விற்றுவிட்டார் என்பார் ஒருவர். உரம் போதவில்லை என்பார் இன்னொருவர். அதைக் கேட்டுக்கொண்டு முட்டை ஓடு, டீத்தூள், வாழைப்பழத் தோல் என்று அடுக்களைக் கழிவு முழுக்கத் தொட்டிக்குள் போகும். செடி அப்போதும் பச்சையாகத்தான் இருக்கும்.

இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளில் முதல் காரணம் வெளிச்சக் குறைவு, அடுத்தது தண்ணீரில் வரும் உப்பு. உரத்துக்கு அதற்கும் பின்னால்தான் இடம். ஆனால் நமக்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் உரமே முன்வரிசையில் நிற்கிறது. முதலில் செடியின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம்.

நம் ஊரில் இலை அழகுக்காக வளர்க்கும் எந்தச் செடிக்கும் குரோட்டன்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். இங்கே பேசுவது ஒரே ஒரு செடியைப் பற்றி: தாவரவியலில் கோடியேயம் வேரிகேட்டம். ஆமணக்கு, மரவள்ளி, குப்பைமேனி எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் இதுவும் ஒன்று. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள், மலேசியா, நியூ கினி, ஆஸ்திரேலியாவின் வடபகுதி, மேற்குப் பசிபிக் தீவுகள் ஆகியவை இதன் தாயகம். காட்டில் பத்தடி உயரத்துக்குக் கூட வளரும் புதர். அம்போன் தீவில் டச்சுக் கம்பெனி ஊழியராக வாழ்ந்து 1702-ல் இறந்த ரம்ஃபியஸ் இதைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். நடுவயதிலேயே பார்வையை இழந்தவர் அவர். பெரும்பகுதியைப் பிறர் கையால் எழுதவைத்து முடித்த அவருடைய 'ஹெர்பேரியம் அம்போய்னென்ஸ்' அவர் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1741 முதல்தான் அச்சேறியது. பின்னர் லின்னேயஸ் இந்தச் செடியைக் குரோட்டன் என்ற பேரினத்தில் சேர்த்தார். 1824-ல் ஜூஸியூ அதைப் பிரித்துக் கோடியேயம் ஆக்கினார். தாவரவியலாளர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள், தோட்டக்காரர்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

பெயர்க் குழப்பம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனிக்க வேண்டியதாகிறது. உண்மையான குரோட்டன் பேரினத்தில் இருப்பது சித்த மருத்துவம் கடும் பேதி மருந்தாக அறிந்திருக்கும் நேர்வாளம். அதன் எண்ணெய் தோலைப் பொசுக்கும். நேர்வாளத்தின் கொடுமையைப் பற்றிப் படித்துவிட்டு வாசலில் நிற்கும் தொட்டிச் செடியைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள். தொட்டிச் செடி அந்த அளவுக்கு நஞ்சில்லை. ஆனால் முழுக்கச் சாதுவும் இல்லை. கிளையை ஒடித்தால் கசியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் தரும், துணியில் பட்டால் போகாத பழுப்புக் கறை விழும். இலையை மென்றால் வாய் எரியும், வயிறு கெடும். எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டியைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பது நல்லது. கவாத்து செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளலாம்.

பசிபிக் தீவுகளில் இந்தச் செடி எல்லை வேலியாகவும் சடங்குச் செடியாகவும் வெகுகாலமாக இருந்துவருகிறது. ஜாவாவில் இதற்குப் 'பூரிங்' என்று பெயர். அங்கே இடுகாடுகளில் நடுவது வழக்கம் என்பதால் வீட்டு வாசலில் வைக்கத் தயங்கியவர்கள் உண்டு. பிறகு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அதே ஜாவாவில் பூரிங் மோகம் பரவி, அபூர்வ ரகங்களை ஆசைப்பட்டு வாங்கினார்கள். எந்தச் செடி மங்கலம், எந்தச் செடி ஆகாது என்று பட்டியல் போடும் நம் வாஸ்து நிபுணர்கள் ஒருமுறை ஜாவாவுக்குப் போய்வரலாம்.

ஐரோப்பாவுக்கு இது பெருமளவில் போனது 19-ம் நூற்றாண்டின் நடுவில். லண்டன் செல்சியில் இருந்த வீச் நர்சரியின் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் கூல்டு வீச், 1860-களின் நடுவில் ஆஸ்திரேலியாவுக்கும் தென்கடல் தீவுகளுக்கும் பயணம் செய்து புதுப்புது ரகங்களை அனுப்பிவைத்தார். விக்டோரியா காலத்துச் சீமான்கள் நிலக்கரி எரித்துச் சூடேற்றிய கண்ணாடி வீடுகளில் அவற்றை வளர்த்தார்கள். செடி வளர்ப்புப் புத்தகங்களில் குரோட்டன்ஸுக்கு இடம் கிடைத்தது அந்தக் காலத்தில்தான். ஆகவே அந்தப் புத்தகங்களின் கவலை முழுக்கக் குளிரைப் பற்றியும் காற்றின் ஈரத்தைப் பற்றியும்தான். 'வெப்பம் கொடு, ஈரம் கொடு, தெற்கு ஜன்னலில் வை' என்ற மூன்று கட்டளைகளும் அங்கே பிறந்தவை. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பஞ்சமே இல்லாத சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதே கட்டளைகளை இன்றும் நாம் மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் செடி நம் ஊருக்கு வந்தது பங்களாக்கள் வழியாக. கலெக்டர் பங்களா, ரயில்வே குவார்ட்டர்ஸ், தேயிலைக் கம்பெனி விருந்தினர் விடுதி ஆகியவற்றின் போர்ட்டிகோவில் வரிசையாகத் தொட்டிகள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும், பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: எதுவுமே அறை இல்லை. போர்ட்டிகோ, தாழ்வாரம், திண்ணை, முற்றம் எல்லாம் கூரையோரத்து வெளிச்சமும் காலை வெயிலும் விழும் இடங்கள். அந்தக் காலத்துச் செடிகள் நிறத்தோடு நின்றதற்குத் தோட்டக்காரரின் கைராசியைவிட அவர் தொட்டியை வைத்த இடமே பெரிய காரணம். அடுக்குமாடி வீடு வந்தபோது திண்ணை போயிற்று. செடி மட்டும் உள்ளே வந்தது.

இனி நிறத்தின் கதை. குரோட்டன்ஸ் இலையில் மூன்று வகை நிறமிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. பச்சையம் பச்சைக்கு. கரோட்டினாய்டுகள் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும். ஆந்தோசயனின்கள் சிவப்பு, ஊதா, ஏறத்தாழக் கறுப்பு ஆகியவற்றுக்கு. எந்த நிறமி இலையின் எந்தப் பகுதியில், நரம்பிலா ஓரத்திலா புள்ளியாகவா, உருவாகும் என்பது ரகத்தின் மரபில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரைபடத்துக்குள் எவ்வளவு வண்ணம் நிரப்புவது என்பதை வெளிச்சம் முடிவு செய்கிறது. பல ரகங்களில் இளம் இலை பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, வயதாக ஆக மஞ்சள் ஆரஞ்சாகி, கடைசியில் சிவக்கும். ஒரே செடியில் உச்சியில் மஞ்சளும் அடியில் ரத்தச் சிவப்புமாகத் தெரிவது இதனால்தான். இலைகளின் வயது வரிசையையே நாம் நிற வரிசையாகப் பார்க்கிறோம்.

ஆந்தோசயனின் உருவாக இரண்டு வேண்டும்: ஒளியின் தூண்டுதல், இலையில் சர்க்கரையின் மிகுதி. ஒளி குறைந்தால் இரண்டுமே குறையும். கரோட்டினாய்டுகள் அப்படி முழுக்க மறைவதில்லை. ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் இலை கிடைக்கும் ஒளியை ஒரு துளிகூட விடாமல் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. அந்தப் பச்சை மஞ்சளின்மேல் மூடிவிடுகிறது. ஆக, பச்சையாவது செடிக்கு நோய் இல்லை. வெளிச்சம் போதாத இடத்தில் பிழைத்துக்கிடக்கும் முயற்சி அது. ஆந்தோசயனின் எதற்காக இருக்கிறது என்பதில் அறிவியலாளர்களிடையே பல கருத்துகள் உண்டு. அளவுக்கு மிஞ்சிய வெயில் இலைத் திசுவைச் சிதைக்காமல் தடுக்கும் குடை அது என்பது வலுவான ஒரு தரப்பு. குடை தேவைப்படாத இடத்தில் அதை விரிப்பானேன்?

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகும். மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு என்பதால் அந்த அளவுக்கு உணவு தயாரிப்பும் குறைவு. எந்த ரகத்தில் மஞ்சள் அதிகமோ அது மெதுவாக வளரும், அதற்கு வெளிச்சமும் கூடுதலாக வேண்டும். கடையில் அழகாகத் தெரிகிறதென்று முழு மஞ்சள் ரகத்தை வாங்கி அறைக்குள் வைப்பவர் எல்லாரையும்விடச் சீக்கிரம் ஏமாறுகிறார்.

மருந்து அடித்து நிறம் ஏற்றுகிறார்கள் என்ற புகாரை இங்கேயே முடித்துவிடலாம். அப்படி ஒன்றும் தேவையே இல்லை. நர்சரியில் அந்தச் செடி நிழல்வலைக்குக் கீழோ திறந்தவெளியிலோ நாள் முழுக்க வெளிச்சத்தில் நின்றது, அவ்வளவுதான்.

எவ்வளவு வெளிச்சம்? கோடை நடுப்பகலில் திறந்தவெளியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். பாதி வெளிச்சத்தைத் தடுக்கும் நிழல்வலையின் கீழ் ஐம்பதாயிரம். வெயில் நேராக விழாத பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு ஆயிரம். சோபாவுக்குப் பக்கத்தில் நூறு இருநூறைத் தாண்டினால் பெரிது. நம் கண் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டிக்கொள்வதால் 'அறை நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது' என்று தோன்றுகிறது. இலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. செல்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. துல்லியம் முன்னேபின்னே இருந்தாலும் திண்ணைக்கும் சோபாவுக்கும் உள்ள நூறு மடங்கு வேறுபாட்டைக் காட்ட அது தாராளமாகப் போதும்.

வீட்டுக்குள் வந்ததும் இலை கொட்டுவதைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர்கள் புளோரிடாவில் அப்போப்கா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கானோவரும் பூலும். 1970-களில் அமெரிக்காவில் வீட்டு அழகுச் செடி வணிகம் பெருகியபோது, வெயிலில் வளர்த்த செடிகள் கடைக்கும் அறைக்கும் போனதும் மொட்டையானது பெரும் நஷ்டமாக இருந்தது. விற்பதற்கு முன் செடியை நிழலில் வைத்து, உரத்தைக் குறைத்துப் பழக்கினால், குறைந்த ஒளியிலும் தாக்குப்பிடிக்கும் இலைகளை அது உருவாக்கிக்கொள்ளும் என்று அவர்களுடைய ஆய்வுகள் காட்டின. வெயில் இலை தடித்தது, அதன் சுவாசச் செலவும் அதிகம். அறை வெளிச்சத்தில் அது சம்பாதிப்பதைவிடச் செலவழிப்பது கூடுதல். ஆகவே செடி அதைக் கழற்றிவிடுகிறது. எத்திலீன் வாயு காம்பின் அடியில் பிரிவுத் திசுவைத் தூண்ட, இலை உதிர்கிறது. உள்ளே கொண்டுவந்த இரண்டு மூன்று வாரங்களில் கீழிலைகள் கொட்டுவதன் பின்னணி இதுதான். உரத்தைக் குறைத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நாம் செய்வது நேர் எதிர்: கொட்டத் தொடங்கியதும் ஒரு பிடி உரம் வைக்கிறோம்.

எந்தத் திசையில் வைப்பது என்ற கேள்விக்கு நம் அட்சரேகைக்கு ஏற்ற பதிலை நாமே கண்டுகொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கு வானத்தில் ஓடும். அதனால் தெற்கு ஜன்னல் என்றால் அவர்களுக்கு வெயில் ஜன்னல். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன்பின் வடக்கே சாய்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அங்கேயே. கத்திரி வெயில் முழுக்க வடக்குச் சூரியனின் காலம். அதாவது மே, ஜூன், ஜூலை மாதங்களில் சென்னையின் தெற்கு பால்கனியில் நேர் வெயில் விழாது. வடக்கு பால்கனியில் காலையும் மாலையும் சாய்வாக விழும். மார்கழியில் நிலைமை தலைகீழ்: சூரியன் தெற்கே நன்றாகச் சரிந்து, தெற்கு பால்கனியின் உள்சுவர் வரை வெயில் வரும், வடக்கு இருண்டு கிடக்கும். கன்னியாகுமரி இன்னும் தெற்கே என்பதால் அங்கே வடக்குச் சூரியன் காலம் ஏப்ரல் முற்பாதியிலேயே தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை நீளும்.

ஆண்டு முழுக்க மாறாமல் வெயில் தருபவை கிழக்கும் மேற்கும்தான். இரண்டில் கிழக்குக்கே என் வாக்கு. காலை ஏழு முதல் பதினொரு மணி வரை கிடைக்கும் வெயில் நிறத்துக்குப் போதும், இலையும் கருகாது. மேற்கு பால்கனியில் பிற்பகல் வெயிலோடு சுவரும் தரையும் கக்கும் சூடு சேரும். அகன்ற இலை ரகங்கள் சித்திரை வைகாசியில் அங்கே வெளுத்து, பிறகு பழுப்புத் திட்டுகளாகக் கருகும். மேற்கு மட்டுமே இருப்பவர்கள் குறுகிய இலை ரகங்களை வாங்குவது நல்லது. இல்லையேல் கோடை மூன்று மாதத்துக்கு நிழல்வலை கட்ட வேண்டும். தெற்கு, வடக்கு பால்கனிக்காரர்கள் தொட்டியை ஆண்டுக்கு இருமுறை இடம் மாற்றுவதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளலாம்.

எந்த இடமாற்றமும் ஒரே நாளில் நடக்கக்கூடாது. நிழலில் இருந்த செடியைத் திடீரென மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மறுநாளே இலைகள் பொசுங்கும். பொசுங்கிய இலை மீளாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் வெயிலைக் கூட்டினால் செடி பழகிவிடும். புது இலை வெயிலுக்கேற்ற உடம்போடு வரும், நிறமும் அதில்தான் வரும். பச்சையாகிப்போன பழைய இலையில் நிறம் திரும்பும் என்று காத்திருப்பதைவிட, நுனியைக் கிள்ளிவிட்டுப் புதுக் கிளைகளுக்குக் காத்திருப்பது புத்திசாலித்தனம்.

மழைக்காலத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வரும். ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் வாரங்களில் வெளியே நிற்கும் செடியும் கொஞ்சம் பச்சை ஏறும். பதற வேண்டாம். தை, மாசி வெயிலில் தெளியும்.

அடுத்தது மண்ணும் தண்ணீரும். தமிழ்நாட்டு நர்சரிகளில் விற்கும் அழகுச் செடிகளில் பெரும்பகுதி ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியம் வட்டாரத்திலிருந்து லாரியில் வருபவை. தூரப் பயணத்தைத் தாங்க, வேரைச் சுற்றிக் கெட்டியான மண்ணுருண்டை பிடித்து அனுப்புகிறார்கள். வாங்கியவர் அந்த உருண்டையை அப்படியே எடுத்துத் தென்னைநார்க் கழிவு நிறைந்த இலகுவான கலவைக்குள் வைக்கிறார். ஊற்றும் தண்ணீர் சுற்றியிருக்கும் கலவை வழியாக இறங்கி ஓடிவிடுகிறது. நடுவில் உருண்டை காய்ந்து கல்லாகிறது. சில தொட்டிகளில் நேர்மாறாக, நனைந்த உருண்டை காயவே காயாமல் வேர் அழுகுகிறது. நடுவதற்கு முன் உருண்டையை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்பக்கத்து மண்ணை விரலால் மெதுவாக உதிர்த்து, சுற்றுவேர்களைக் கொஞ்சம் விடுவித்துக்கொள்ள வேண்டும். முழுக்கக் கழுவிவிடக் கூடாது. வேரைக் கலைப்பதை இந்தச் செடி விரும்புவதில்லை. கலவையிலும் ஒரு பங்காவது செம்மண் இருந்தால் உருண்டைக்கும் அதற்கும் பகை வராது. செம்மண், மக்கிய தொழு உரம், கழுவிய தென்னைநார்க் கழிவு, கொஞ்சம் ஆற்று மணல் அல்லது செங்கல் பொடி, இவ்வளவு போதும். 'கழுவிய' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பச்சை நார்க்கழிவில் உப்பு நிறைய இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே அது செடிக்கு ஏற்றது.

குரோட்டன்ஸ் சற்றே அமிலத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். கார அமில அளவு ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் இருந்தால் நல்லது. நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் காரப் பக்கம், உப்பும் கூட. ஊற்ற ஊற்றத் தொட்டி மண் மேலே வெள்ளைப் பொருக்குத் தட்டும், இலைநுனி பழுப்பாகக் கருகும். தரையில் நட்ட செடிக்கு மழை வந்து உப்பைக் கழுவிப்போகிறது. கூரைக்கடியில் இருக்கும் தொட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மாதம் ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியாக நிறைய வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதும், மழைநாளில் தொட்டிகளை வெளியே தள்ளிவைப்பதும் எந்த விலையுயர்ந்த டானிக்கையும்விட உதவும்.

கார மண்ணில் இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. அதனால் வரும் மஞ்சளைக் குரோட்டன்ஸில் கண்டுபிடிப்பது சங்கடம், ஏனென்றால் செடியே மஞ்சள். ஒரு வழி உண்டு. பெரும்பாலான ரகங்களில் இயற்கையான நிறம் நரம்பை ஒட்டி வரும்: நரம்பு மஞ்சள் அல்லது சிவப்பு, இலைப்பரப்பு பச்சை. இரும்புக் குறைவில் இது தலைகீழாகும்: புதுத் துளிரின் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பரப்பு வெளிறும். அப்படிக் கண்டால் இரும்புச் சத்துக் கரைசல் தெளிக்கலாம். தண்ணீரை மாற்றாமல் அதை மட்டும் செய்தால் அடுத்த துளிருக்கு மறுபடி தெளிக்க வேண்டிவரும்.

தண்ணீர் அளவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் ஊற்ற வேண்டும். தாகம் வந்தால் இலைகள் தொங்கும், ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிரும். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். அப்போது மேலும் ஊற்றுவதுதான் செடியைக் கொல்கிறது. மொட்டைமாடியில் இருப்பவர்கள் தொட்டியைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றிவைக்கட்டும். கறுப்புப் பைகளில் வளர்த்தால் கோடையில் பக்கவேர் வெந்துபோகும். மண்தொட்டி சீக்கிரம் காயும் என்றாலும் வேர் குளிர்ச்சியாக இருக்கும்.

உரம் கடைசியில் வருவது தற்செயல் அல்ல. வளரும் காலத்தில் மாதம் ஒரு பிடி மண்புழு உரமோ, தொட்டிக்கு ஏற்றபடி மக்கிய சாணமோ போதும். தழைச்சத்தை அள்ளிக்கொட்டினால் செடி மளமளவென்று வளரும், இலை பெரிதாகும், பச்சையும் கூடும். நிறத்துக்காக உரம் வைத்து அதனாலேயே நிறத்தை இழக்கும் வேடிக்கை இது. வாழைப்பழத் தோலை அப்படியே புதைப்பதால் எறும்புக்கு நன்மை.

பூச்சிகளில் தொட்டிச் செடிக்கு முதல் எதிரி செஞ்சிலந்திப் பேன். வறண்ட, காற்றோட்டமில்லாத, ஏசி ஓடும் அறைகள் அதற்கு மாமியார் வீட்டு விருந்து. இலை பளபளப்பை இழந்து தூசி படிந்ததுபோல ஊசிமுனைப் புள்ளிகளோடு தெரியும். அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கும். தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை வாரம் இருமுறை செய்தாலே பெரும்பாலும் அடங்கும். மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் சோப்புக் கரைசலோடு வேப்பெண்ணெய், அதுவும் மாலையில் மட்டும். வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் தேன்துளிக்காக எறும்புகள் அதைப் பாதுகாத்துப் பரப்புகின்றன. தோட்டத்தில் ஓரிரவில் இலைகளைக் கடித்துக் குதறியது யார் என்று தேடினால் பல சமயம் ஆமணக்கின் காவடிப்புழு அகப்படும். ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் இங்கேயும் சாப்பாட்டுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் அதற்குக் குரோட்டன் புழு என்றே பெயர்.

இந்தச் செடியைப் பெருக்க விண்பதியமே எளிது, தோல்வியும் குறைவு. பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தென்னைநாரோ பாசியோ வைத்து பாலித்தீனால் இறுகக் கட்டினால் ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் வெள்ளையாகத் தெரியும். போத்து வைப்பவர்கள் நுனிக்கிளையை ஒரு சாண் நீளத்தில் வெட்டி, பால் வடிந்து நிற்கும்வரை பொறுத்து, இலைகளைச் சுருட்டிக் கட்டி நட வேண்டும். ஆடிக்காற்றில் போத்து காய்ந்துபோகும், மழை தொடங்கும் சமயம் நல்லது. விதையிலும் வரும். ஆண்பூவும் பெண்பூவும் ஒரே செடியில் தனித்தனிக் கொத்தாகப் பூக்கும். ஆண்பூ வெள்ளைப் பஞ்சுபோல இருக்கும், பெண்பூ இதழின்றிக் கண்ணில் படாது. விதைச் செடி தாயைப்போல இருக்காது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகம். உலகெங்கும் இன்று இருக்கும் நூற்றுக்கணக்கான ரகங்கள் இப்படி விதையிலிருந்தும், ஒரு கிளை திடீரென வேறு நிறமாக மாறுவதைப் பதியமிட்டும் கிடைத்தவை. புளோரிடாவில் ஃபிராங்க் பிரவுன் போன்றவர்கள் ஆயுள் முழுக்க இவற்றைச் சேகரித்துப் பெயரிட்டு நூல் எழுதினார்கள். நம் நர்சரிகளில் பெயர்ச்சீட்டை நம்ப வேண்டாம். ஒரே ரகத்துக்குத் தெருவுக்கு ஒரு பெயர்.

ஆகவே பெயரைவிட உருவத்தைப் பார்த்து வாங்கலாம். தடித்த அகன்ற இலையில் மஞ்சள் நரம்பு பாய்ந்து சிவக்கும் 'பெட்ரா' உலகெங்கும் விற்பது, ஓரளவு எல்லாவற்றையும் தாங்கும். பச்சையில் மஞ்சள் புள்ளி தெளித்த 'கோல்டு டஸ்ட்' முழு வெயிலையும் தாங்கும், வெளிச்சம் குறைந்தாலும் மற்றவற்றைவிட மெதுவாகவே வாடும். வேலியாக வரிசை நடவும் அதுவே ஏற்றது. இலை முறுக்கிக்கொண்டு வரும் ரகங்களும், இலைப்பரப்பு நடுவில் அறுந்து வெறும் நரம்பில் நுனித்துண்டு தொங்கும் ரகங்களும் தொட்டியில் தனியாக வைத்துப் பார்க்க அழகானவை. கூட்டத்தில் நட்டால் குப்பையாகத் தெரியும். தரையில் நடுவோர் ஒன்றரை அடிக் குழியும், செடிக்குச் செடி மூன்றடி இடைவெளியும் விட்டால் நான்கைந்து ஆண்டில் தலைக்குமேல் வளரும். உதகையிலும் கொடைக்கானலிலும் திறந்தவெளியில் முயல வேண்டாம். குளிர் பத்து டிகிரியை நெருங்கினாலே இலை கொட்டிவிடும்.

குரோட்டன்ஸ் அறைக் காற்றைச் சுத்தம் செய்கிறது என்று நர்சரிப் பலகைகள் சொல்வதையும் பார்த்துவிடலாம். இந்த வகைப் பேச்சுக்கெல்லாம் மூலம் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக வுல்வெர்ட்டன் 1989-ல் செய்த ஆய்வு. மூடிய சிறிய பெட்டிக்குள் செடியை வைத்து அளந்தது அது. கம்மிங்ஸும் வாரிங்கும் 2019-ல் அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, ஜன்னல் வழியாகவும் கதவு வழியாகவும் சாதாரணமாக நடக்கும் காற்றுமாற்றத்துக்கு ஈடாகச் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று வந்தது. அத்தனை தொட்டி வைத்தால் மனிதர் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆகவே காற்றுக்காக இதை அறைக்குள் வைக்கும் வாதமும் நிற்கவில்லை.

வரவேற்பறையில் வண்ணம் வேண்டும் என்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குரோட்டன்ஸைப் பால்கனியிலேயே வளர்த்து, விசேஷ நாளில் மட்டும் உள்ளே கொண்டுவருவது. இரண்டு மூன்று நாளில் செடிக்கு ஒன்றும் ஆகாது. பங்களாத் தோட்டக்காரர்கள் செய்தது இதைத்தான், தொட்டிகளை மாற்றி மாற்றி வைப்பார்கள். இன்னொன்று, வேறு செடிக்குப் போவது. இந்தோனேசியாவின் கிரகோரி ஹம்பாலி 'பிரைட் ஆஃப் சுமத்ரா' என்ற சிவப்பு அக்லோனிமாவை உருவாக்கிய பிறகு, குறைந்த வெளிச்சத்திலும் ஓரளவு நிறம் காக்கும் கலப்பினங்கள் நிறைய வந்துவிட்டன, இப்போது நம் ஊர் நர்சரிகளிலும் கிடைக்கின்றன. விலை குரோட்டன்ஸைவிடக் கூடுதல். தண்ணீரும் அதைவிடக் குறைவாகவே ஊற்ற வேண்டும்.